நாலு தூணும் தலைகீழ்ப் பூவும்

அக்டோபர் 7, செவ்வாய்

காலையில் தூறல். புது வீட்டுக்குச் சாரம் பிரித்தாயிற்று. வீட்டின் முகத்தை இன்றுதான் முழுதாகப் பார்த்தேன். வாசலில் நாலு வெள்ளைத் தூண். அகரம் ரோட்டில் போகிற டவுன் பஸ்ஸில் எல்லாத் தலையும் திரும்புகிறது. எனக்குக் கூச்சம். கல்யாண மண்டபத்துக்குக் குடிபோவதுபோல.

இரண்டு தூண் போதும் என்று ஜூலையிலேயே சொன்னேன். சேவியர் கேட்கவில்லை. "ஊரான் வீட்டுக்கெல்லாம் எட்டு, பத்துன்னு நிறுத்துறேன். என் வீட்டுக்கு நாலு கூடாதா?" அவருக்கு மஸ்கட்டில் வேலை; பங்களாக்களுக்குத் தூணும் பூவேலையும் வார்த்துக் கொடுக்கிற கம்பெனி. கல்யாணமான மறு வருஷத்திலிருந்து அங்கேதான். தூணின் தலையில் இலை இலையாக விரிகிற பூவுக்கு ரப்பர் அச்சு ஒன்றைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார். அதற்கு இடம் வேண்டித் துணிமணியை அங்கேயே விட்டுவிட்டார். ஜூலை லீவு முழுக்கக் கொல்லையில் உட்கார்ந்து நாலு பூவையும் தன் கையாலேயே வார்த்தார். தூணில் ஏற்றுவதற்குள் லீவு முடிந்துவிட்டது.

ஞாயிறு வீடு மந்திரிப்பு. சனி வருகிறார். இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கம்பெனி கையெழுத்துக் கேட்கிறது. "வீட்டப் பாத்துட்டு முடிவு பண்றேன் பிலோ. மனசு நெறஞ்சா இங்கனயே இருந்துருவேன்." நிறையாவிட்டால்? கேட்கவில்லை. இருங்கள் என்றும் சொல்லவில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

சாயங்காலம் வீடியோ காலில் வாசலைக் காட்டினேன். பேச்சே இல்லை. நெட் போய்விட்டதோ என்று போனை ஆட்டினேன். "நல்லாருக்கு" என்றார். உப்புக் கூடிய குழம்புக்குச் சொல்கிற அதே நல்லாருக்கு.

கேஸ் புக் பண்ண மறந்துவிட்டேன்.

அக்டோபர் 8, புதன்

ஸ்கூல் விட்டதும் கோயிலுக்குப் போனேன், ஃபாதரிடம் நேரத்தை ஞாபகப்படுத்த. அவர் வரும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஃபேன் ஓடவில்லை. சும்மா அண்ணாந்து பார்த்தேன். பீடத்துக்கு இரண்டு பக்கமும் பொன் பூசிய தூண்கள். சின்ன வயதிலிருந்து பார்க்கிறவைதான். தலையில் அதே இலைகள். எல்லாம் மேலே பார்த்து எழும்பி, நுனி மட்டும் வெளியே வளைந்து.

மேலே பார்த்து.

நம் வீட்டில் நாலும் கீழே பார்த்துத் தொங்குகின்றன.

சொன்னது நான். போன மாதம் முருகேசன் கொத்தனார் பூவை உருட்டி உருட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "டீச்சர், இதுல எது மேல, எது கீழ?" அந்த வாரம்தான் ஒன்பதாம் வகுப்பைத் தாடிக்கொம்பு பெருமாள் கோயிலுக்குக் கூட்டிப்போயிருந்தேன். மண்டபத் தூண்களின் உச்சியில் வாழைப்பூ மாதிரித் தொங்கும் மொட்டுகளைப் பிள்ளைகளுக்குக் காட்டியிருந்தேன். அதுவே மண்டையில். "பூ கீழ பாத்துத் தொங்கணும்" என்றேன். அவருக்கும் கோயில் வேலை செய்த கை. "அதான் நானும் நெனச்சேன் டீச்சர்" என்றார். அகல முனை கீழே வந்து தூணைவிட்டுப் பிதுங்கியது. அதையும் ஒரு வளையம் பூசி மறைத்தார். நன்றாக இருக்கிறது என்று டீ போட்டுக் கொடுத்தேன்.

ஃபாதர் பத்து மணிக்கு வருவார்.

அக்டோபர் 9, வியாழன்

முருகேசனைக் கூப்பிட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

"அப்ப நாலுமே தலகீழா?"

"நாலுமே."

"அம்சமாத்தான டீச்சர் இருக்கு. யாரு கண்டுபிடிக்கப் போறா?"

"அவரு கண்டுபிடிப்பாரு."

"அட ஆமா. அண்ணனுக்கு இதுதான பொழப்பு." தலையைச் சொறிந்தார். "ஞாயித்துக்கெழமைக்குள்ள ஆகாது டீச்சர். ஒடைச்சாத்தான் வரும். ஒடைச்சா தூணும் விரியும். மந்திரிக்க வர்ற சாமியாரு கல்லு மண்ணு மேலதான் நடந்து வரணும்."

நான் பயப்படுவது சேவியரின் கோபத்துக்கு இல்லை. அவருக்குக் கோபம் வராது. ஒரு வாக்கியம் வரும்: "விடு பிலோ, அடுத்த லீவுல பாத்துக்கலாம்." பாத்ரூம் கதவு, மகள் ரீனாவின் காது குத்து, என் கண் ஆபரேஷன், எல்லாவற்றுக்கும் வந்த வாக்கியம். அடுத்த லீவு என்றால் போகிறார் என்று அர்த்தம். அதற்கு நானே ஒரு காரணத்தைச் சிமெண்டில் செய்து வைத்திருக்கிறேன். நாலு காரணம்.

வாங்க: மெழுகுவர்த்தி, பேப்பர் தட்டு, சின்ன வெங்காயம் (தாடிக்கொம்பு சந்தையில் மலிவு என்கிறார்கள்), சிறுமலைப் பழம் ஒரு சீப்பு.

அக்டோபர் 10, வெள்ளி

மழை. ஸ்கூல் நூலகத்தில் தூண்களைப் பற்றித் தேடினேன். இதை முதலிலேயே செய்திருக்கலாம்.

இலை கிரேக்க இலை. அங்கே காடுமேட்டில் முளைக்கிற ஒரு முள்செடி. எவனோ கல்லில் செதுக்கித் தூணுக்கு உச்சியில் வைத்தான். ரோமாக்காரர்கள் அதைப் பெரிதாக்கி, எண்ணிக்கையைக் கூட்டி, போன ஊரிலெல்லாம் நிறுத்தினார்கள். அப்புறம் நெடுநாள் மறதி. இத்தாலியில் இடிந்து கிடந்ததை அளந்து பார்த்து மறுபடி எழுப்பினார்கள். அடுத்து வந்தவர்களுக்கு நேர்த்தி போதவில்லை. தூணை முறுக்கினார்கள், பொன் பூசினார்கள், மேகத்தையும் சிறகு வைத்த சம்மனசுகளையும் ஏற்றினார்கள். அது கப்பலேறி கோவா, புதுச்சேரி வந்து, நம் கோயில் பீடம்வரைக்கும். செட்டியார் வீடுகளின் முகப்பில்கூட.

நம் பக்கமும் அப்படியேதான். பல்லவர் தூணில் உத்தரத்தைத் தாங்க வெறும் வளைந்த கட்டை. சோழர் காலத்தில் அதற்கு ஒரு முனை. பிறகு அந்த முனை மொட்டாகி, நாயக்கர் காலத்தில் வாழைப்பூவாகத் தொங்கிவிட்டது. எந்த ஊரிலும் ஆளுக்குக் கை சும்மா இருப்பதில்லை. முந்தினவன் விட்ட இடத்தில் இன்னும் ஒரு இலை.

அங்கே மேலே போயிற்று, இங்கே கீழே வந்தது. என் வாசலில் இரண்டும் முட்டிக்கொண்டுவிட்டன.

இந்தத் தூணை அசிங்கம் என்று நினைத்தவள் அதற்காக ஒரு மத்தியானம் முழுக்கப் படித்திருக்கிறேன். சிரிப்பாக வருகிறது.

இன்னொரு தொல்லை. தலைகீழாக வைத்ததில் இலை நுனிகள் மேலே வளைந்து சின்னச் சின்னக் கிண்ணமாகிவிட்டன. மழைத் தண்ணீர் தேங்கி, வெயில் வந்த பிறகும் வாசலில் சொட்டுகிறது.

அக்டோபர் 11, சனி

வந்துவிட்டார். இளைத்திருக்கிறார். காதோரம் நரை கூட. ஆட்டோவிலிருந்து இறங்கி ரோட்டிலேயே நின்று பார்த்தார். நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "பெயிண்ட் நல்ல வெள்ளை" என்று மட்டும் சொன்னார்.

பெட்டியில் இந்தத் தடவை அவர் துணி எல்லாமே இருந்தது. மடித்து வைத்தேன். லீவுக்கு வருகிறவர் எல்லாத் துணியையும் கொண்டுவருவாரா? கொண்டுவரலாம்.

திருச்சி ஹாஸ்டலிலிருந்து ரீனா வந்தாள். "அப்பா, நம்ம வீடு ரோம்ல இருக்கா திண்டுக்கல்ல இருக்கா?" "அகரம் பஸ்ஸு போகுதுல்ல, திண்டுக்கல்லுதான்" என்றார். என்னைப் பார்க்காமல் சிரித்தார்கள் இரண்டு பேரும்.

அக்டோபர் 12, ஞாயிறு

விடியற்காலையில் மழை பெய்து விட்டிருந்தது. பத்து என்றால் பத்தேமுக்கால், ஃபாதர். வாசலில் நின்று ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளிக்கக் கையைத் தூக்கினார். அதே நேரம் மேலிருந்து அவர் வழுக்கையில் ஒரு சொட்டு. அண்ணாந்தார். இன்னொன்று கண்ணாடியில்.

"சேவியர், எனக்கு முன்னாடியே மேல ஆரோ மந்திரிக்கிறாங்கப்பா."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வரும்போல் இருந்தது. சமையலறைக்குப் போய்விட்டேன்.

பிரியாணி மீதி இல்லை. நல்லது.

சாப்பிட்டு எல்லாரும் போன பிறகு ஏணியைக் கொண்டுவந்து சாத்தினார். "செத்த நேரம் பிடி பிலோ." ஏறினார். பிடித்துக்கொண்டேன். மேலே இலை விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தார். எனக்கு அவர் பாதங்கள் மட்டும் தெரிந்தன. குதிகால் முழுக்க வெடிப்பு.

"நான்தாங்க சொன்னேன். கீழ பாத்து வைக்கச் சொல்லி."

"தெரியும். முருகேசன் வியாழக்கிழமையே போன் போட்டுட்டான். டீச்சர வையாதீங்கண்ணேன்னு ஒரே கெஞ்சல்."

"அது என்ன எலைன்னு தெரியுமா உங்களுக்கு?"

"இத்தன வருசமா வைக்கிறேன். ஒருத்தரும் சொன்னதில்ல. என்ன எலை?"

"முள்ளுச்செடி. நம்ம கடலோரத்துல அந்த சாதிச் செடிக்குக் கழுதைமுள்ளின்னு பேராம்."

ஏணி குலுங்கக் குலுங்கச் சிரித்தார். "கழுதைமுள்ளியா! அம்புட்டு அரபி வீட்டு வாசல்லயும் அதயா வச்சேன்?" நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்குவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. அந்தக் குதிகாலைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது.

"போகாதீங்க."

ஒரு சொட்டு என் கையில் விழுந்தது. பூவிலிருந்து விழுந்ததுதான் என்று நினைக்கிறேன்.

"வருசத்துக்கு ஒண்ணா ஒடைச்சுத் திருப்பிருவோம். ஒரேயடியா நாலயும் தொட்டா தூணு தாங்காது" என்றார்.

"அடுத்த லீவுலயா?"

"லீவு யாரு குடுப்பா? நாந்தான் இங்கன இருப்பேனே."

இறங்கினார். வேட்டியில் கை துடைத்தார். ரீனா டீ கேட்டாள், போட்டேன்.

வருஷத்துக்கு ஒன்று. நாலு தூண். எட்டாக வைத்திருக்கலாம்.