அரை அங்குல ஸ்குரு

புரட்டாசி 1, வியாழன். கச்சிராயபாளையம்.

காலையில் மலை தெரியவில்லை. மேகம் அணை வரை இறங்கிக் கிடந்தது. இன்று விமானத்தில் போய்க் கரும்புக்கு மருந்து அடிக்க முடியாது என்றதும் கேப்டன் மறுபடி போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார். கொடுத்து வைத்த பைலட். மெக்கானிக்குக்கு ஏது தூக்கம். இன்ஜின் மூடியைக் கழற்றினேன்.

கழற்றினால் வினை. இன்ஜினுக்குப் பின்னால், பெட்ரோல் குழாயைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் கிளாம்பில் ஸ்குரு இல்லை. தலை முறிந்து மூடிக்கு அடியில் கிடந்தது. குழாய் தொங்கிச் சட்டத்தில் உரசியிருக்கிறது. நல்லவேளை, மேலுறை மட்டும்தான் தேய்ந்திருக்கிறது.

உதிரிப் பெட்டியில் எல்லா அளவும் உண்டு, அரை அங்குலம் தவிர. கட்டையானது கிளாம்பின் இரண்டு காதையும் சேர்த்துப் பிடிக்காது. நீளமானதன் முனை குழாயையே குத்தும்.

சென்னை ஆபீசுக்கு ட்ரங்க் கால். பஸ்ஸில் கொடுத்து அனுப்புகிறார்களாம். எந்த பஸ்ஸில்? இடஒதுக்கீடு கேட்டு மறியல். தியாகதுருகம் ரோட்டில் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டாயிற்று. உளுந்தூர்பேட்டை வரை இதே கதை என்கிறார்கள்.

செல்வி பல்லாவரத்தில் அம்மா வீட்டில். தலைப்பிரசவம். டாக்டர் சொன்ன நாளுக்கு இன்னும் இருக்கிறது. பார்க்கலாம்.

வாங்க: சோப்பு, பிளேடு, கொசுவர்த்தி. கடை மூடல்.

புரட்டாசி 2, வெள்ளி.

நல்ல வெயில். பறக்க வேண்டிய நாள், வீண்.

சிங்காரவேலு வந்தார். விமானம் இறங்கத் தன் மேட்டு நிலத்தைக் கொடுத்தவர். சுற்றுப்பட்டு கரும்புக்கெல்லாம் மருந்து அடித்தாயிற்று. அவர் கரும்புக் கொல்லை மட்டும் பாக்கி. நிலம் கொடுத்தவனுக்கா கடைசி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானாக இருந்தால் சண்டைக்கே போயிருப்பேன். தத்துப்பூச்சி உறிஞ்சி, தோகையெல்லாம் மசி பூசின மாதிரி கருத்துக் கிடக்கிறது.

ஒரு டப்பா நிறைய பம்புசெட் போல்ட் கொண்டுவந்தார். ஒன்றும் ஆகாது என்றேன். வைத்துவிட்டுப் போனார். மூத்த மகன் மறியலில் இருக்கிறானாம். "படிச்சிட்டு சும்மா குந்திகினு இருக்கறான் சார். அவன் இன்னா பண்ணுவான்?" நியாயம்தான்.

மத்தியானம் மோர்சாதம். ஊறுகாய் தீர்ந்துவிட்டது. கேப்டன் தனியாகச் சீட்டு ஆடுகிறார், அதிலும் ஏமாற்றுகிறார்.

புரட்டாசி 3, சனி.

தந்தி. செல்விக்கு ரத்தக்கொதிப்பு அதிகம், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, உடனே வா. மாமனார்.

ஆஸ்பத்திரித் தந்தி என்றதும் மறியல்காரர்களே தந்திக்காரரின் சைக்கிளை மரத்துக்கு மேல் தூக்கிக் கொடுத்தார்களாம்.

கேப்டன் அப்போதே ஷூ மாட்டிவிட்டார். எதையாவது போட்டு முடுக்கு, மீனம்பாக்கத்தில் கொண்டுபோய் இறக்குகிறேன், போகப்போவது நாம் இரண்டு பேர்தானே என்றார்.

பம்புசெட் போல்ட் ஒன்றைப் போட்டேன். பிடித்தது. ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. விமானப் புத்தகத்தைத் திறந்து பேனாவையும் எடுத்தேன். அதில் நான் கையெழுத்துப் போட்டால்தான் விமானம் கிளம்பலாம். பிறகு போய்க் கழற்றிவிட்டேன். சாதா இரும்பு, தானாகக் கழலாத நட்டும் கிடையாது. இன்ஜின் அதிர்வுக்கு எத்தனை நிமிஷம் தாங்கும் என்று யார் கண்டது.

கேப்டனுக்கு வந்தது கோபம். உன் பெண்டாட்டிக்காகத்தானே சொல்கிறேன் என்று கத்தினார். நானும் கத்தினேன். அப்புறம் இறக்கைக்கு அடியில் உட்கார்ந்து அழுதேன். சிங்காரவேலு பார்த்துவிட்டார். "இன்னா மனுஷன் சார் நீங்க" என்றார். திட்டினாரா, பரிதாபப்பட்டாரா, தெரியவில்லை.

புரட்டாசி 4, ஞாயிறு.

டீ குடித்துக்கொண்டே அண்ணாந்து பார்த்தேன். மருந்து தெளிக்கும் நீளப் பைப்பை இறக்கைத் தண்டோடு பிடித்திருக்கும் கிளாம்ப். அதே ஸ்குரு. அதே அரை அங்குலம். மூன்று நாளாக அதற்கு அடியில்தான் நிற்கிறேன். மடையன்.

கேப்டனிடம் சொன்னேன். அவருக்குச் சந்தோஷம், ஆனால் ஒரு சிக்கல். அங்கிருந்து எடுத்தால் பைப்பையே கழற்றியாக வேண்டும். இறக்கையிலும் பம்புசெட் போல்ட் ஆகாது. பைப் இல்லாமல் மருந்து இல்லை. சென்னை போய்விட்டால் அடுத்த வேலை ஆந்திராவில். சிங்காரவேலு கொல்லை போனது போனதுதான். ரோடு திறக்கிறவரை இங்கேயே காத்திருந்தால் அவர் கரும்பு பிழைக்கும்.

நானே போய்ச் சொன்னேன், ஒளிக்காமல். கருத்த தோகை ஒன்றை ஒடித்து விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"போனா ஒரு வெள்ளாமதான் சார். நீங்க போய் அவங்கள பாருங்க."

கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்தார்.

"பைப்பு எங்கிட்டயே இருக்கட்டும். அதுக்காவது வருவீங்க இல்ல?"

வருவோம் என்றேன். ஆளுக்கொரு முனை பிடித்து அவர் மாட்டுக்கொட்டகையில் வைத்துச் சாக்குப் போட்டு மூடினோம்.

பிறகு ஸ்குரு. அந்த இடத்தில் மணிக்கட்டு வரைதான் கை போகும், கண் போகாது. கிளாம்பின் காதுகளைக் கம்பியால் இறுக்கிக் கட்டி, ஸ்பானர் முனையில் கிரீஸ் தடவி ஸ்குருவை ஒட்டி, சவரக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே நுழைத்தேன். நழுவிக்கொண்டே இருந்தது. புறங்கை முழுக்கச் சிராய்ப்பு. கடைசியில் மரை பிடித்தது, அப்பாடா. நட்டை முடுக்கிக் கம்பியை வெட்டி எடுத்தேன். கையெழுத்துப் போட்டேன், மனசாரப் போட்டேன்.

மேலேயிருந்து பார்த்தால் ரோடு நெடுக மரங்கள். எங்களைக் கண்டு சிலர் வயலுக்குள் ஓடினார்கள். போலீஸ் என்று நினைத்திருப்பார்கள், பாவம். சிங்காரவேலு மகனும் அதில் இருந்தானோ என்னவோ.

புரட்டாசி 6, செவ்வாய். பல்லாவரம்.

மழை. ஞாயிறு சாயங்காலமே ஆபரேஷன். உள்ளே கொண்டுபோகும் முன் ஒரு நிமிஷம் பார்க்க முடிந்தது. வந்துட்டீங்களா என்று மட்டும் கேட்டாள், என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். பெண் குழந்தை. இரண்டு பேரும் சுகம். மாமியார் குழந்தை மூக்கு என் மூக்கு என்கிறார், வருத்தத்தோடு.

மத்தியானம் ஆபீஸ். மேனேஜர் கை குலுக்கினார். ஸ்டோரில் புதுப் பைப் இருக்கிறது, மாட்டிக்கொண்டு வெள்ளிக்கிழமை ஆந்திரா கிளம்பு என்றார். கச்சிராயபாளையத்தில் ஒரு கொல்லை பாக்கி என்றேன். ஒரு ஆள் கரும்புக்கு ஒரு விமானமா என்று சிரித்தார். பழைய பைப்பை அந்தாளே பந்தல் போட வைத்துக்கொள்ளட்டுமாம்.

ஷெட்டுக்குப் போய்ப் புதுப் பைப்பை இறக்கையில் வைத்துப் பார்த்தேன். விமானப் புத்தகத்தில் எழுதினேன்: புதுப் பைப் இந்த இறக்கைக்குச் சேராது. பழைய பைப் கச்சிராயபாளையத்தில் உள்ளது. விமானம் அங்கே போய் அதை மாட்டி, மருந்து அடித்துச் சோதித்த பிறகே வேறு வேலைக்கு அனுப்பலாம். கீழே கையெழுத்து.

பொய். கச்சிதமாகச் சேர்கிறது.