வாசலில் சொல்லாத சொல்

அன்புள்ள உங்களுக்கு,

நானும் சின்னவளும் கடவுள் புண்ணியத்தில் நலம். உங்கள் முதுகுவலிக்கும் சேர்த்தே வேண்டிக்கொள்கிறேன். அதற்காகத் தைலம் தேய்க்காமல் இருந்துவிடாதீர்கள். தண்ணீர் மோட்டார் மறுபடி மக்கர் செய்தது, சரிசெய்தாயிற்று.

திறந்தவெளிச் சிறையின் மேற்பார்வைக் குழுவில் நான் சேர்ந்ததற்கு, "வீட்டுல ஒரு ஜெயிலர் இருந்தது போதாதா" என்று எழுதியிருந்தீர்கள். சின்னவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நூலகக் கணக்கை ஒழுங்காக வைத்திருக்கிறேன் என்றுதான் ஊரில் என் பெயரைக் கொடுத்தார்கள். சம்பளம் கிடையாது. எங்கள் அறிக்கை சிறை அதிகாரியைத் தாண்டி நேரே மேலிடத்துக்குப் போகும். அதனால் அங்கே நான் டீ கூடக் குடிப்பதில்லை.

போன வாரம் ஒரு சிக்கல். அங்கிருக்கும் கைதிகளில் தச்சர் ஒருவர் தினமும் ஊருக்குள் மரப்பட்டறைக்கு வேலைக்கு வந்து, சாயங்காலம் திரும்பிவிடுவார். பள்ளிக்கூடத்துப் பெஞ்செல்லாம் அவர் கைவேலைதான். புதிதாக வந்த வாசல் காவலர், "காலையில கிளம்பும்போது 'போறேன்'னுதான் சொல்றாரு. ஒரு நாளும் 'போயிட்டு வரேன்'னு சொன்னதில்ல. ஓடிப்போற நெனப்பு இருக்கு" என்று புகார் எழுதிவிட்டார். அதிகாரியும் தச்சரைப் பழையபடி மதில் சிறைக்கே அனுப்ப ஏற்பாடு செய்துவிட்டார்.

பட்டறைக்காரரைப் போய்க் கேட்டேன். "எங்கிட்ட 'போயிட்டு வரேண்ணே'ன்னு வாய் நெறையச் சொல்லிட்டுத்தான் போறாரு, மறுநாள் வந்து நிக்கிறாரு" என்றார். இதைச் சொன்னதும், அங்கே சொல்பவர் இங்கே மட்டும் ஏன் சொல்வதில்லை என்று அதிகாரிக்குச் சந்தேகம் கூடித்தான் போயிற்று. கைதியிடம் தனியாகப் பேச எங்களுக்கு உரிமை உண்டு. தச்சரை உட்காரவைத்துக் கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "ஜெயில் வாசல்ல நின்னுக்கிட்டு எவனாவது 'போயிட்டு வரேன்'னு சொல்வானாம்மா? அப்புறம் ஆயுசுக்கும் வந்துக்கிட்டே இருக்கணுமே" என்றார்.

ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது நர்ஸிடம் நீங்கள் "வரேன் சிஸ்டர்" என்றதும் நான் கையைக் கிள்ளினேனே, அதே கதைதான். காவலரைக் கூப்பிட்டு, பிரசவம் முடிந்து மனைவியை அழைத்துப்போனபோது ஆஸ்பத்திரியில் என்ன சொல்லிவிட்டு வந்தீர்கள் என்று கேட்டேன். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "ஒண்ணும் சொல்லலம்மா. வாயத் தொறக்கக் கூடாதுன்னு மாமியார் சொல்லிட்டாங்க" என்றார். அதிகாரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் நான் சிரிப்பை நம்பவில்லை. நடந்ததை எழுதிக் கையெழுத்திட்டு மேலிடத்துக்கு அனுப்பினேன். பட்டறைக்காரரும் தலைமையாசிரியையும் தாங்களாகவே வந்து, அவர் இங்கேயே இருக்கட்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். மாற்றல் உத்தரவு ரத்தானது. அன்று இரவு நிம்மதியாகப் பிரார்த்தனை செய்தேன்.

தச்சருக்கு அடுத்த வருடம் பள்ளி திறக்கும் சமயத்தில் விடுதலை. அவர் மனைவி இப்போதே காலண்டரில் தேதியைச் சுற்றி வட்டம் போட்டுவைத்துவிட்டாராம்.

அங்கே உங்கள் வேலை ஒப்பந்தத்தை மறுபடியும் நீட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் உடம்பு, உங்கள் முடிவு. நான் குறுக்கே நிற்க மாட்டேன். எனக்கும் ஒரு தேதி மட்டும் எழுதி அனுப்புங்கள். ஆண்டவன் அதுவரை உங்களைப் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

பிரார்த்தனையுடன்,
உங்களவள்