தவிட்டுக்கு விற்ற பிள்ளை

சித்தூர், 11 பிப்ரவரி 1960

அத்தை வந்து இறங்கியிருக்கிறாள். அத்தை என்றால் என்னைப் பெற்றவள், பொன்னியம்மாள். திருத்தணிப் பக்கத்து ஊர். ஏப்ரலில் அது மதராஸோடு சேரப் போகிறது. "அப்பால போவ வர எப்படியோ, இப்பவே கொயந்தயப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றாள். நான் நம்பவில்லை. குழந்தையைப் பார்க்க வருகிறவள் எதற்கு ஒரு மூட்டை தவிடு கொண்டுவர வேண்டும்?

12 பிப்ரவரி

நினைத்தது சரி.

"உனுக்கு ரெண்டு போச்சு. இத்தயாவது பக்கத்து வூட்டு ஜெயம்மாகிட்ட தவிட்டுக்கு வித்துட்டு, திருப்பி வாங்கிக்கோ. உன்ன அம்மான்னு கூப்பிட உடாத. சாமி உன் புள்ளன்னு கண்டுக்காது."

முடியாது என்றேன்.

"உன்ன அப்படித்தான் காப்பாத்தினேன்."

காப்பாற்றினாளா, கழற்றிவிட்டாளா? எனக்கு முன்னால் மூன்று பிள்ளைகள் போனது உண்மைதான். ஆனால் ஐந்து வயதில் விழுந்து முட்டி கிழிந்து "அம்மா" என்று நான் கத்தியபோது, வாசலில் நின்றவள் உள்ளே போய்விட்டாள். "அத்தை" என்று கத்திய பிறகுதான் வந்து தூக்கினாள். அதை எப்படி மறப்பது?

20 பிப்ரவரி

என் வீட்டுக்காரர் சாமி கும்பிடும்போது கண்ணை இறுக மூடிக்கொள்கிறார். ஆறு வயது வரை மாமியார் இடுப்பை விட்டு இறங்காதவராம். நான் அரைக்கண்ணைத் திறந்து, பக்கத்தில் இருந்தவர்கள் இன்னும் இருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்வேன். ஒரு முறம் தவிட்டில் ஏமாறுகிறவர் என்ன சாமி? ஏமாற மாட்டார் என்றால் அத்தை என்னை எதற்குத் தள்ளி வைத்தாள்?

3 மார்ச்

குழந்தை சந்திரா இன்று "ம்மா" என்றாள். என்னைப் பார்த்துத்தான். அத்தை எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். பொறாமையா? இருக்கும்.

9 மார்ச்

தவிட்டை மாட்டுக்கு வைத்துவிட்டேன். அத்தை "எனுக்கு ஒண்ணும் வேணாம், நீயே துன்னு" என்று படுத்துக்கொண்டாள். படுக்கட்டும்.

27 மார்ச், திருப்பதி

காலையில் பஸ்ஸில் மலைக்குப் போனோம். சந்திராவுக்கு முதல் மொட்டை. அவருடைய வேண்டுதல், நான் தடுக்கவில்லை. அவர் தரிசனத்துக்கு இடம் பிடிக்கப் போயிருந்தார். நானும் அத்தையும்தான் குழந்தையோடு உட்கார்ந்திருந்தோம். நாவிதர் தலையை ஈரம் பண்ணிக்கொண்டே, யார் குழந்தை என்று தெலுங்கில் கேட்டார். சும்மா, பேச்சுக்கு.

"எங்க அக்கா புள்ள" என்றேன்.

எனக்கு அக்காவே கிடையாது. எங்கிருந்து வந்தது அந்த வார்த்தை? சாமியை நம்பாதவள்தானே நான்? சாமியின் மலையிலேயே உட்கார்ந்துகொண்டு, இது என் பிள்ளை என்று எப்படிச் சொல்வேன்? ரெண்டைப் பறிகொடுத்தவள் எப்படிச் சொல்வேன்?

கத்தி பட்டதும் சந்திரா வீறிட்டு, "ம்மா, ம்மா" என்று என்மேல் தாவினாள். நான் அவள் வாயைப் பொத்தினேன். ஐயோ — பொத்தினேன்.

அத்தை என் கையைப் பிடித்து விலக்கினாள்.

"கூப்பிடட்டும், உடு" என்றாள். "நான் பொத்தினது போதும்."