பொரி தூவிப் பழகிய கடல்

இன்று காலை தேரடித் தெருவில் பொரி வறுக்கும் வாசனை. கார்த்திகைத் தீபத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் மூட்டை மூட்டையாக அடுக்கிவிட்டார்கள். சூடான மணலில் அரிசி வெடிப்பதைப் பார்த்தபடி நின்றுவிட்டேன். "எத்தினி படி சார்?" என்று கடைக்காரர் கேட்டார். இந்த ஊரில் எல்லோரும் பொரியைச் சாமிக்கு வாங்குகிறார்கள். நீயும் நானும்தான் கச்சா எண்ணெய்க்குப் பதிலாக வாங்கினோம்.

தொண்ணூறுகளின் தொடக்கம். கடலுக்குள் எண்ணெய் எடுக்கும் கம்பெனி ஒன்றில், கடலே இல்லாத ஊரிலிருந்து போன இரண்டு பேர் நாம். குழாய் உடைந்து எண்ணெய் கடலில் பரவினால் என்ன செய்வது என்று ஒத்திகை நடத்துவது நம் பிரிவின் வேலை. ஒத்திகைக்காக நிஜ எண்ணெயைக் கொட்ட முடியாதே, எதை மிதக்கவிடலாம் என்று மேலதிகாரி கேட்டார். நீ யோசிக்கவே இல்லை. "பொரி சார். மெதக்கும், காத்துல நவுரும், மிச்சத்த மீனு துன்னுடும்." கூட்டமே சிரித்தது. அடுத்த வாரம் பொரி மூட்டைகளோடு நாம் திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் நின்றோம். "எந்தக் கோயிலுக்குங்க இவ்ளோ பொரி?" என்றார் கண்டக்டர். "கடலுக்குங்க" என்றாய் நீ.

அந்த ஒத்திகை அழகாக இருந்தது. கடல், தட்டில் ஊற்றிய தண்ணீர்போலக் கிடந்தது. நீ படகிலிருந்து பொரியைத் தூவினாய். இரண்டு படகுகள் மிதவை வேலியை இழுத்து வளைத்தன. வெள்ளைப் பொரி அத்தனையும் அதற்குள் ஒதுங்கியது. பக்கத்து மீனவக் குப்பத்து ஜனங்களைக் கரையில் உட்காரவைத்திருந்தோம். நீ திரும்பி வந்து மைக்கைப் பிடித்தாய். "எண்ணெ வந்தாலும் இந்த வேலியத் தாண்டி உங்க ஆத்து வாய்க்கு வராது. நாங்க இருக்கோம்." கைதட்டினார்கள். முகத்துவாரத்தில் வலை கட்டி நண்டு பிடித்து விற்கும் அஞ்சலையம்மா உனக்கு ஒரு கூடை நண்டு கொடுத்தார்.

சில ஆண்டுகள் கழித்து, ஒரு மழைக்காலத்தில் குழாய் நிஜமாகவே உடைந்தது.

அன்று காற்று படகைக் கரையை விட்டு நகரவிடவில்லை. எப்படியோ கிளம்பிப்போய் வேலியை இறக்கினோம். அலை அதன் தலைக்கு மேல் ஏறிக் குதித்தது. எண்ணெயும் கூடவே குதித்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வேலி நடுவில் அறுந்தது. படகோட்டி, "உசுரு முக்கியம் சார்" என்று திருப்பிவிட்டார். நாம் கரையேறும்போது முகத்துவாரம் கறுக்கத் தொடங்கியிருந்தது.

அஞ்சலையம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "அன்னைக்கு செஞ்சி காட்டினீங்களே சார், அதயே இப்ப செய்யுங்க" என்றார். உன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. முகத்துவாரத்தை அடைக்க வைக்கோல் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினாய். நானும் இறங்கினேன். அடைக்க அடைக்க, தண்ணீர் அவற்றைப் பிடுங்கிக் கரையில் வீசியது. சாயங்காலம், உடம்பெல்லாம் எண்ணெயோடு, அந்த அம்மாவின் முன்னால் போய் நின்றாய்.

"எங்களால முடியலம்மா."

"காத்துல இது நிக்காதுன்னு முன்னாடியே சொல்லியிருந்தா, வலையயாவது தூக்கியிருப்போமே சார்" என்றார் அவர்.

அந்தச் சொல் உன்னை விடவில்லை. அடுத்த ஒத்திகைக்கு நாள் குறிக்கும் கூட்டத்தில் எழுந்தாய். "காத்தடிக்கிற நாள்ல ஒரு தரம் வெச்சி பாக்கலாம் சார்."

"அன்னைக்கு ஒத்திகை தோத்துடுமேப்பா. விருந்தாளிங்க வேற வராங்க" என்றார் மேலதிகாரி.

"தோக்கட்டும் சார். ஜனங்க அதப் பாக்கட்டும்."

நானும் உன்னோடு சேர்ந்து சொல்லிப் பார்த்தேன். காற்றில்லாத மாசி மாதத்தில் நாள் குறித்தார்கள். மறுபடி பொரி தூவினோம். மறுபடி கைதட்டினார்கள். அஞ்சலையம்மா வரவில்லை.

அப்புறம் உன் ஈரல் கெட்டது. நம் ஊருக்கே திரும்பி, வேங்கிக்கால் வீட்டுக்கு வந்து படுத்தாய், பிறகு ஆஸ்பத்திரி. நான் லீவு போட்டு ஓடி வந்த அன்று, டாக்டர் என்னைத் தனியே அழைத்து, இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்றார். வெளியே உன் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க எதனா சொல்லுங்கண்ணா அவருகிட்ட. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவலாம்ணா." போயும் பயனில்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வேன்?

நான் உள்ளே வந்ததும் நீயே கேட்டாய். "இன்னாடா மூஞ்ச இப்படி வெச்சிக்கினு இருக்கற? டாக்டர் இன்னா சொன்னாரு? உள்ளத சொல்லு."

சொன்னேன்.

"சரி. அப்ப பசங்கள வரச்சொல்லு. பாத்துடறேன்."

வந்தார்கள். பார்த்தாய். பெரியவனிடமும் சின்னவளிடமும் தனித்தனியாகப் பேசினாய். அதற்கு மட்டும்தான் நேரமிருந்தது.

இப்போது ஒத்திகையை நான் நடத்துகிறேன். நாள் குறிப்பது இன்றும் என் கையில் இல்லை. ஆனால் படகு கிளம்பும் முன் மைக்கை வாங்கி, "காத்து ஜாஸ்தியானா இந்த வேலி நிக்காதுங்க. எங்களால தடுக்க முடியாது" என்று சொல்லிவிடுகிறேன். அதிகாரிகள் முகம் சுளிக்கிறார்கள். போன முறை கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்தார். "அப்ப நீங்க எதுக்கு சார் இருக்கீங்க?"

நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாயோ. "மொத ஆளா உங்களுக்குச் சேதி சொல்றதுக்கு" என்றேன். யாரும் கைதட்டவில்லை. ஆனால் கூட்டம் கலைந்ததும் அவர் வந்து தன் செல்போன் நம்பரைச் சொன்னார். அவருக்குப் பின்னால் மற்றவர்களும் வந்து நின்றார்கள்.

அந்தக் குப்பம் முழுக்க இப்போது என் போனில் இருக்கிறது. கடலில்லாத இந்த ஊரில், லீவில் இருக்கும்போதுகூட, காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் என் கை தானாகச் சட்டைப்பைக்குப் போகிறது.