ஓரன் வெம்ப்ளியில் ஆடிய ஞாயிறு

கோவ்,
செப்டம்பர், ஞாயிறு மாலை

அன்பு மகள் டெர்வ்லாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நான் எழுந்து நடமாடுகிறேன், சாப்பிடுகிறேன், தூக்கமும் கொஞ்சம் வருகிறது, அதற்கு மேல் இப்போதைக்கு என்னைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. நீயும் கானரும் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன். கால் வீக்கம் வடிந்ததா? நின்றுகொண்டே வேலை பார்க்காதே, ஆஸ்பத்திரியில் உன் வேலையை இழுத்துப் போட்டுச் செய்ய வேறு நர்ஸ்கள் இருப்பார்கள்.

அப்பாவின் கடைசி நாட்களை ஒன்றுவிடாமல் சொல்லச் சொல்லி நீ இரண்டு மூன்று தடவை கேட்டுவிட்டாய். போனில் ஆரம்பித்தால் நீ அங்கே அழுகிறாய், நான் இங்கே அழுகிறேன், பேச்சு பாதியில் நின்றுபோகிறது. விமானம் ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்னதற்கு நீ என்ன செய்வாய், ஆஸ்திரேலியாவில் இருக்கிற பெர்த் என்ன பக்கத்து ஊரா. அதனால் எழுதுகிறேன், உட்கார்ந்து நிதானமாகப் படி.

கால்பந்து சீசன் தொடங்குவதற்கு முன்னால் லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் நடக்கும் அந்தக் கேடயப் போட்டி உன் அப்பாவுக்கு எப்படி என்று உனக்கே தெரியும். தர்மத்துக்கு ஆடுகிற ஆட்டத்தில் என்ன இருக்கிறது, அது வெறும் ஒத்திகை என்று லோர்கன் சித்தப்பா வருஷா வருஷம் அவரைச் சீண்டுவார். அப்பா உடனே, "வெம்ப்ளிதானே? கேடயத்தைக் கையில குடுக்குறாங்கல்ல? அப்புறம் என்னடா ஒத்திகை" என்பார். தோல் பந்து மழையில் ஊறிக் கல்லாகக் கனத்த காலத்திலிருந்து அதில் ஆடிய அயர்லாந்துப் பையன்களை ஒவ்வொருவராகச் சொல்வார், யார் முழு ஆட்டம் ஆடினான், யார் கடைசியில் இறங்கிப் பந்தையே தொடாமல் வந்தான் என்று. நம் தெருவிலிருந்து ஒருத்தன்கூட இல்லை என்பதில் அவருக்கு ஒரு குறை. உன் தம்பி ஓரனை அந்த ஆட்டத்துக்கு அணியில் சேர்த்திருக்கிறார்கள் என்று செய்தி வந்தபோது அவருக்கு மூச்சுக் குழாய் மாட்டியிருந்தது. அதைக் கழற்றச் சொல்லிச் சிரித்தார், சிரித்து முடிக்க முடியாமல் இருமினார். வியாழக்கிழமை என்னையும் லோர்கனையும் கிட்டே கூப்பிட்டு, "ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடி நான் போயிட்டா, ஆட்டம் முடியுற வரைக்கும் அவன்கிட்ட யாரும் மூச்சு விடக் கூடாது" என்றார். நான் உடனே சரி என்று சொல்லவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்த பிடியை, சொல்லும் வரைக்கும் விடவில்லை.

சனிக்கிழமை நான் சூப்பை அடுப்பில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தேன், போய்விட்டார். கஷ்டப்படவில்லை. உனக்குச் சொன்னேன், லோர்கனுக்குச் சொன்னேன், அப்புறம் இந்த ஊர் செய்ததை நீ பார்த்திருக்க வேண்டும். சவப்பெட்டிக்காரர் டூஹிக் ரேடியோவில் வாசிக்கிற இறப்புச் செய்தியைத் திங்கட்கிழமைக்குத் தள்ளிவைத்தார். போனில் யாரும் எதுவும் போடக் கூடாது என்று பாதிரியாரே பூசையில் சொன்னாராம். வந்தவர்கள் எல்லாரும் பின்வாசல் வழியாக வந்தார்கள், திருடர்கள் மாதிரி, சாண்ட்விச் தட்டைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு. ஞாயிறு காலை ஓரன் போன் செய்தான், அப்பா தூங்குகிறார் என்றேன். அது பொய்யில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆட்டம் ஆரம்பிக்கும்போது முன்னறை நிறைய ஆட்கள், நடுவில் பெட்டிக்குள் அப்பா, நீலக் கோட்டில். "அண்ணனும் பாக்கட்டும்" என்று லோர்கன் டிவியை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தார், பாதிப் பேருக்குத் திரை தெரியவில்லை, கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார்கள். முதல் பாதி முழுக்க ஓரன் மாற்று ஆட்டக்காரர் பெஞ்சில்தான் இருந்தான். இரண்டாவது பாதியில் அவன் அணிப் பையன் ஒருத்தனுக்குத் தொடை பிடித்துக்கொண்டது, இவன் இறங்கினான். இந்தப் போட்டியில் ஆடும் அயர்லாந்துக்காரர்களில் இன்னொருவர் என்று டிவியில் வர்ணனை செய்கிறவர் சொன்னார். அந்த வார்த்தையைக் கேட்கத்தான் அந்த மனுஷன் உயிரைப் பிடித்துவைத்திருந்தார். யாரும் கை தட்டவில்லை. பக்கத்து வீட்டு டூப்ரிடி அம்மா ஜெபமாலையை வாயில் கடித்துக்கொண்டு அழுதாள். கோலுக்குள் போக இருந்த ஒரு பந்தை அவன் கோல் கோட்டிலிருந்து காலால் தட்டி வெளியே எடுத்தான், அப்போதுதான் லோர்கன் சவப்பெட்டியின் விளிம்பில் கையை வைத்து, அண்ணனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "பாத்தியா மாலக்கி, பாத்தியா" என்றார். ஜெயித்தார்கள். படியேறிப் போய்க் கேடயத்தைத் தூக்கினான். சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு.

எங்களுக்கு ஏன் தோன்றாமல் போனதோ, அப்பாவின் போனை யாரும் அணைத்து வைக்கவில்லை. ஜன்னல் ஓரத்தில், அவர் தலைமாட்டில் இருந்தது. அது அடித்தது. திரையில் ஓரன் பெயர். நான் எடுத்தேன். "என்னப்பா, பாத்தியா?" என்றான். பின்னால் ஒரே கூச்சலும் பாட்டும். அம்மாடா என்றேன். "அவரு எங்க, அழுதுட்டு இருக்காரா?" என்று சிரித்தான். அப்பா போயிட்டாருடா என்றேன். "எங்க?" என்று கேட்டான், டெர்வ்லா. எங்கே என்று கேட்டான். அப்புறம் அவனுக்குப் புரிந்தது. எப்போ என்றான், நேத்து என்றேன். நேத்தா என்றான். போன் நின்றுவிட்டது.

திங்கள் சாயங்காலம் தனியாக வந்து சேர்ந்தான். அழவில்லை. அப்பாவைப் பார்த்துவிட்டு, அங்கே இருந்த ஒவ்வொருவரிடமும் போய், நீங்க எப்போ கேள்விப்பட்டீங்க என்று கேட்டான். டூப்ரிடி அம்மா பாவம், "சனிக்கிழமை, கண்ணு" என்றாள். கடைசியில் என்னிடம் வந்து, "தபால்காரனுக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்கு மட்டும்தான் தெரியல" என்றான். அடக்கம் முடிந்ததும் டீகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டான். ஆட்டத்துக்கு அடுத்த நாள் பேப்பரிலேயே அவன் கேடயத்தோடு சிரிக்கிற படம் வந்திருந்தது. ஊரெல்லாம் அதை வெட்டி ஒட்டினார்கள், பேக்கரியில் இன்னும் இருக்கிறது. எங்கப்பன் பெட்டியில கிடக்கும்போது நான் பல்லைக் காட்டுற படம் என்று அவன் லோர்கனிடம் சொன்னானாம். அதற்குப் பிறகு எனக்குப் போன் இல்லை. ஆட்டத்துக்கு முன்னால் நீ அவனுக்குக் கட்டைவிரல் தூக்கின படம் அனுப்பினதையும் அவன் மறக்கவில்லை, உனக்கும் பதில் போடாமல் இருந்தான் என்று தெரியும்.

போன வாரம் அப்பாவுக்கு மாதப் பூசை. ஓரன் சொல்லாமல் வந்து கோயிலில் கடைசி பெஞ்சு வரிசையில் நின்றான். வீட்டுக்கு வந்தான், சமையலறையில் உட்கார்ந்தோம். "நீ சொல்லியிருந்தா நான் ஆடியிருக்க மாட்டேன்" என்றான். தெரியும்டா, அதனாலதான் சொல்ல வேண்டாம்னார் என்றேன். "அது அவரோட ஆட்டம் இல்லம்மா, என்னோடது" என்றான். உன் அப்பாவுக்குக் கொடுத்த வாக்கை மீறியிருந்தால் இன்று அவர் முகத்தை நினைக்க முடியாது, காப்பாற்றியதால் மகன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தான், தின்னவில்லை. அப்புறம் தலையைத் தூக்காமல், "அன்னிக்குக் காலையில நான் போன் பண்ணப்போ, நீள ஆணி வெச்ச பூட்ஸ் போடச் சொன்னாருன்னு சொன்னியே. அதுவாவது அவர் சொன்னதா, இல்ல நீயே சேத்துக்கிட்டதா?" என்று கேட்டான். அவர் சொன்னதுதான் என்றேன். வெள்ளிக்கிழமை டிவியில் லண்டனில் மழை என்றதும், புல் ஈரமாக இருக்கும், திரும்பும்போது இவனுக்கு இடது கால் வழுக்கும், நீள ஆணி போடச் சொல்லு என்றார். அதற்குப் பிறகு அவர் ஒரு பேச்சையும் முழுசாகப் பேசவில்லை. அதைக் கேட்டதும் மேஜையில் தலையைக் கவிழ்த்தான், சின்ன வயசில் அழுவானே, அந்த மாதிரி. நான் முதுகில் கை வைத்தேன், தட்டிவிடவில்லை. என்னை மன்னித்தானா என்று கேட்காதே, அவன் சொல்லவில்லை. போகும்போது, டெர்வ்லாவுக்கு எப்போ தேதி என்று மட்டும் கேட்டான். அதனால் நீயே முதலில் அவனுக்குப் போன் செய். நியாயம் பேசாதே, அவன் திட்டினால் திட்டட்டும்.

இரும்பு மாத்திரையை டீயோடு விழுங்காதே. பையன் பிறந்தால் அப்பா பெயரை வைக்கிறேன் என்று கானர் சொன்னாராம், வேண்டாம், மாலக்கி என்ற பெயரால் பள்ளிக்கூடத்தில் தான் பட்டதை உன் அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். கடவுள் உன்னைப் பத்திரமாகக் காப்பாற்றட்டும், சுகப்பிரசவம் ஆகட்டும், உன் கையும் பிள்ளையின் கையும் என் கைக்கு எட்டும் நாள் சீக்கிரம் வரட்டும். ஒன்றே ஒன்று மறந்துவிடாதே. வலி கண்டதும் எனக்கும் ஓரனுக்கும் ஒரே நேரத்தில் சொல்லிவிடு. இங்கே ராத்திரியா பகலா என்று பார்க்காதே, அவன் மைதானத்தில் இருந்தாலும் சரி. நல்லதோ கெட்டதோ, இந்த வீட்டில் இனி யாருக்கும் எதையும் மறுநாள் சொல்ல வேண்டாம்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா பிரீடா