சாக்ரடீஸ் சொன்ன சேவல்

5 ஜனவரி 2025, ஞாயிறு. திண்டிவனம்.

வாசகர் வட்டத்தில் இன்று நல்ல கூட்டம். கிரேக்கச் சிந்தனையாளர்களைப் பற்றி மாதம் ஒரு பேச்சு என்று ஒப்புக்கொண்டதில் இதுதான் முதல். நிலநடுக்கம் வந்தால் தெய்வத்தின் கோபம் என்று ஊரே நடுங்கிய காலத்தில், எல்லாவற்றுக்கும் மூலம் தண்ணீர்தான், பூமி அதன்மேல் மிதந்து ஆடுவதுதான் நடுக்கம் என்றார் தேலீஸ். அது தவறு. ஆனால் சாமியைக் கேட்காமல் உலகத்தையே பார்த்து யோசித்ததால் வந்த தவறு. அதைச் சொன்னதும் கைதட்டினார்கள். பள்ளிக்கூடத்தில் ஓய்வு பெறும்வரை சரித்திரம் நடத்தினேன், ஒருநாளும் யாரும் கைதட்டியதில்லை.

வீட்டுக்கு வந்தால் வேணி கொல்லையில் சேவலுக்குக் கம்பு இறைத்துக்கொண்டிருக்கிறாள். போன வருடம் எனக்கு நெஞ்சு அடைத்துப் புதுச்சேரியில் படுத்திருந்தபோது முனீஸ்வரனுக்கு நேர்ந்துகொண்ட சேவல். பனமலை ஏரிக்குப் பக்கத்தில் அவள் பிறந்த ஊர்க் கோயில். நானே போய் என் கையால் கொடுக்க வேண்டுமாம். நான் போகப் போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். இருந்தும் வளர்க்கிறாள்.

"என்னைப் பிழைக்க வைத்தது டாக்டர். சேவலை அவருக்கு அனுப்பு" என்றேன், வழக்கம்போல.

"அந்த டாக்டருக்குக் கை நடுங்காம பாத்துக்கினது யாரு?" என்றாள், அவளும் வழக்கம்போல.

9 ஜனவரி

எழுத உட்கார்ந்தால் ஜன்னலுக்கு நேராக வந்து நின்று கூவுகிறது. பெரிய பேஜார்.

21 ஜனவரி

அடுத்த மாதம் சாக்ரடீஸ். என் ஆள். ஊர் தெய்வங்களை மதிக்கவில்லை, இளைஞர்களைக் கெடுத்துவிட்டார் என்று வழக்குப் போட்டார்கள். சிறையிலிருந்து தப்பிக்க வழி இருந்தும் போகாமல் நஞ்சைக் குடித்தார்.

ஆனால் கடைசியில் ஒரு இடறல். கால் மரத்து, குளிர்ச்சி வயிறுவரை ஏறிவிட்டது. முகத்தை மூடியிருந்த துணியை விலக்கி, நண்பன் கிரீட்டோவிடம், மருத்துவத் தெய்வத்துக்கு ஒரு சேவல் கொடுக்க வேண்டியிருக்கிறது, மறந்துவிடாதே என்கிறார். அதுதான் கடைசிப் பேச்சு. வாழ்க்கையே ஒரு நோய், சாவதுதான் அது தீர்வது, அதற்கான நன்றி என்கிறார்கள் சிலர். கிண்டல் என்கிறார்கள் வேறு சிலர். இவ்வளவு பெரிய மனிதர் இதையா கடைசியில் சொல்ல வேண்டும்?

வேணியிடம் சொன்னது என் தப்பு. முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"அவரும் நேந்துக்கினாரா! அப்பறம்? குடுத்தாங்களா?"

"கொடுக்கிறேன் என்றான் நண்பன். அதற்கு மேல் எழுதி வைக்கவில்லை."

"அய்யோ பாவம். குடுத்தாங்களா இல்லையான்னு தெரியாமலே போய்ட்டாரே," என்றாள். உண்மையாகவே வருத்தப்பட்டாள், பக்கத்துத் தெருக்காரர் செத்துப்போன மாதிரி.

2 பிப்ரவரி, ஞாயிறு

பேச்சு நன்றாக அமைந்தது. சேவலை விட்டுவிட்டேன். நஞ்சுக் கிண்ணத்தோடு முடித்தேன்.

வெளியே டீக்கடையில் சித்தார்த்தன் பக்கத்தில் வந்து நின்றார். தபால் துறையில் இருந்தவர், ஒரு கூட்டம் தவறமாட்டார். "கடைசில ஒரு சேவல் வருமே சார், அத்த விட்டுட்டீங்களே?" என்றார். நேரமில்லை என்றேன். நேரம் இருந்தது.

6 பிப்ரவரி

வேணிக்குக் காலில் புண். சர்க்கரை இருக்கிற உடம்பு. எப்போது வந்தது என்று கேட்டால், "நீங்க பேச்சுக்கு எழுதிக்கினு இருந்தீங்க, அதான் சொல்லல" என்கிறாள். என்ன சொல்வது இவளை? பாதம் முழுக்க வீங்கியிருக்கிறது.

8 பிப்ரவரி

முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரி. விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டதாம். மகள் பானுப்ரியா சென்னையிலிருந்து வந்துவிட்டாள். பெற்றவளைப் பார்த்ததும் அவள் முகம் போன போக்கைப் பார்த்து நான் வெளியே வந்துவிட்டேன்.

10 பிப்ரவரி

மதியம் வேணிக்குக் கொஞ்சம் தெளிவு. பேசினாள். என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, "சேவல மறந்துடாதீங்க," என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதே வார்த்தை.

என்ன சொன்னேன்? "நீ எழுந்து வா, நீயே கொடு" என்றேன். தைரியம் சொல்வதாக நினைப்பு. அவள் என்னையே பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

12 பிப்ரவரி

வேணி போய்விட்டாள்.

2 மார்ச், ஞாயிறு

கூட்டத்துக்குப் போகவில்லை. அவள் ஊர்க்காரர்கள் கருமாதிவரை எல்லாம் முறைப்படி செய்து முடித்தார்கள். நான் தடுக்கவில்லை, சேரவும் இல்லை.

இந்த மாதம் பேச வேண்டியது எபிகூரஸ். நாம் இருக்கும்போது சாவு இல்லை, சாவு வந்தபோது நாம் இல்லை, பிறகு எதற்குப் பயம் என்று கேட்டவர். சரிதான் ஐயா. செத்தவருக்குச் சரி. மீந்து நிற்கிறவனுக்கு என்ன சொல்கிறீர்?

வேணி எங்கேயும் இல்லை. எங்கிருந்தும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அப்படித்தான் நம்புகிறேன், இன்றைக்கும். ஆனால் கேட்டவள் இல்லாமல் போய்விட்டால் கேட்டதும் இல்லாமல் போய்விடுமா? கிரீட்டோ கொடுக்கிறேன் என்று ஒரு வார்த்தையாவது சொன்னான். நான் அதைக்கூடச் சொல்லவில்லையே. பாவி, ஒரு "சரி" சொல்லியிருக்கக் கூடாதா? வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது?

19 மார்ச்

பானு போனில், "அந்தச் சேவல யாருக்காவது குடுத்துடுங்கப்பா, உங்களால பாத்துக்க முடியாது," என்றாள். பார்க்கலாம் என்றேன். கம்பு தீர்ந்துவிட்டது. வாங்கி வந்தேன்.

25 மார்ச்

பூசாரி பச்சைமுத்துவுக்கு நானே போன் செய்தேன். வேணிக்குச் சித்தப்பா மகன். துக்க வீடு, கோயிலுக்கு வரலாமா என்று கேட்டேன் — நானா கேட்டேன்! "கருமாதி முடிஞ்சிடுச்சி இல்ல மாமா, வாங்க. அக்கா வேண்டுதல் அப்படியே கெடக்கக் கூடாது," என்றான்.

30 மார்ச், ஞாயிறு

சேவலை ஒயர் கூடையில் வைத்து, மேலே துண்டைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் எதிரே சித்தார்த்தன். ஓடி ஒளிய இடமில்லை. அந்த நேரம் பார்த்துக் கூடைக்குள்ளிருந்து கூவியது. அவர் கூடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பெஞ்சில் இருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "கூடைய இங்க வையுங்க சார், வெயில் படாது," என்றார்.

கோயில் என்று சுவரோ கூரையோ இல்லை. ஒரு வேப்பமரம், சுண்ணாம்பு அடித்த உருவம், வேல்கள். பச்சைமுத்து சேவலின் தலையில் மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டுக் காத்திருந்தான். தலையைச் சிலுப்பினால் சாமி ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். கிரேக்கர்களும் பலியிடும் விலங்கின் மேல் தண்ணீர் தெளித்து அது தலையசைக்கக் காத்திருந்தார்கள் என்று படித்திருக்கிறேன். கல்யாணமாகி இத்தனை காலமாக, கூப்பிடு தூரத்தில் நடப்பதை ஒருமுறை பார்த்ததில்லை.

சேவல் அசையவில்லை. மறுபடி தெளித்தான். அசையவில்லை.

"மனசுல எதனா கொறை இருந்தா வாய்விட்டுச் சொல்லிடுங்க மாமா," என்றான் பச்சைமுத்து.

யாரிடம் சொல்வது? எதிரே இருப்பது கல். பச்சைமுத்து சேவலைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"சரி, வேணி," என்றேன். அவ்வளவுதான் வந்தது.

பச்சைமுத்து இன்னொரு கை தண்ணீர் தெளித்தான். சேவல் தலையை உதறியது.

காதில் தண்ணீர் போனால் எந்தக் கோழியும் உதறும். எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அங்கே நின்று வாய்விட்டு அழுதேன். ஆஸ்பத்திரியில் வராத அழுகை.

6 ஏப்ரல், ஞாயிறு

எபிகூரஸுக்கு முன்னால் ஒன்று சொல்ல வேண்டும் என்று ஆரம்பித்து, போன பேச்சில் விட்டதைச் சொன்னேன். சேவலைச் சொன்னேன். நேரமில்லாமல் விடவில்லை, வேண்டுமென்றே விட்டேன் என்பதையும் சொன்னேன். இரண்டு பேர் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

சித்தார்த்தன் எழுந்தார். "அந்த நண்பர் குடுத்தாரா சார்?"

"அது எழுதி வைக்கப்படவில்லை," என்றேன். கொஞ்சம் தண்ணீர் குடித்தேன். "ஆனால் கொடுத்திருப்பார்."