பந்து பட்ட பிறகும்

உங்களுக்கு,

சாப்பாடு அடுப்பின் மேல் மூடியிருக்கிறது. பம்பரைப் பார்க்க மெக்கானிக் சாயங்காலம் வருவார். ஷெட் சாவி ஆணியில் இருக்கிறது.

நேற்று நீங்கள் கத்தியதற்கு என் பதில் இதுதான்.

"தெரியாம பட்டுடுச்சுடி. நீ எதுக்கு அங்க போய் நின்னே?" என்றீர்கள். காரை எங்கே நிறுத்துவது என்று தெரியத்தான் ஷெட் கூரையிலிருந்து கயிற்றில் டென்னிஸ் பந்தைத் தொங்கவிட்டிருக்கிறீர்கள். முன்கண்ணாடியில் பந்து பட்டால் பிரேக். இத்தனை வருஷமாக ஒரு விரற்கடை தவறியதில்லை. நேற்றும் பந்து பட்டது. அந்தச் சத்தம் சுவரோரம் புத்தகப் பெட்டியைக் கிளறிக்கொண்டிருந்த எனக்கே கேட்டது. ஹெட்லைட் என் முகத்தில்தான் அடித்தது. அதற்குப் பிறகுதான் எஞ்சின் உறுமியது. பெட்டி நொறுங்கியது, என் முழங்கால் சுவரோடு நசுங்கியது.

நான் வேலைக்குப் போகிறேன் என்று சொன்னதற்கு இதுவா?

டாக்ஸி வந்துவிட்டது. பாப்பாவையும் கூட்டிக்கொண்டு போகிறேன். தேடி வராதீர்கள்.

இன்னொன்று, இடம் இல்லாததால் ஓரத்தில் எழுதுகிறேன். காலில் கட்டைப் பார்த்துவிட்டு பாப்பா, "அப்பா தெரியாமத்தானேம்மா இடிச்சாரு?" என்று கேட்டாள். இந்த முறை நான் தலையாட்டவில்லை.